ஆரணி கொடி பிடிக்கிறாள்

மறிக்கத்தான் போறன். அதில எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. ரயில் பாஸ்தியாவை விட்டு வெளிக்கிட்டதில இருந்து சொல்ல வேண்டிய வசனத்தைத் திருப்பித் திருப்பிப் பாத்துக்கொண்டு வாறன், இப்ப அது நல்ல வடிவா வந்திட்டுது: பிள்ளை, அந்தத் தடியை வேற ஆரிட்டையாவது குடுத்திட்டு என்னோட வா. அவ்வளவுதான். கத்தத் தேவையில்லை, அழத் தேவையில்லை. நான் கதைச்சுச் சீவிக்கிற ஆள். துறைமுகத்துக்கு முன்னால மதாம் சாந்தாவின்ர கடையில, கப்பலால இறங்கி வாற சனத்துக்கு ஆளுக்கொரு பாஷையில சாமான் விக்கிறவள். தொப்பி வேண்ட வந்தவன் என்னட்டத் தேனும் வேண்டிக்கொண்டுதான் போவான். பெத்த பிள்ளைக்கு ஒரு வசனம் சொல்ல எனக்கு என்ன பயம்? நேற்றுப் பின்னேரம் கடைச் சாமானை உள்ளுக்கு எடுத்துக்கொண்டு நிக்கேக்கை ஆரணி ரெலிபோன் எடுத்தவள். "அம்மா, நாளைக்கு ஊர்வலம் இருக்கெல்லே, முன்னுக்கு நான்தான் கொடி பிடிக்கிறன்." கொடி பிடிக்கிறன். நான் தொங்கவிட்டிருந்த துவாய்களைக் கையில வைச்சுக்கொண்டு அப்பிடியே நிண்டன். அவள் நல்ல தமிழ் கதைப்பாள், இந்தத் தீவில பிறந்த பிள்ளையெண்டு நம்ப மாட்டீங்கள், ஆனால் சில தமிழ்ச் சொல்லுக்குப் பின்னால ஆர் நிக்கினம் எண்டு அவளுக்குத் தெரியாது. கோர்த்தேயில படிக்கிறாள், மலைக்கு மேல, கோர்சிக்காவில இருக்கிற ஒரே பல்கலைக்கழகத்தில. அங்கத்தைப் பிள்ளையள் தங்கட பாஷைக்காக ஊர்வலம் போகினம். சிலபேர் பாஷை மட்டும் காணும் எண்டுகினம், சிலபேர் பிரான்சை விட்டுத் தனியாப் போகோணும் எண்டுகினம், எல்லாரும் ஒரே கொடியைத்தான் பிடிக்கினம். வெள்ளைத் துணி. நடுவில ஒரு கறுத்த மனுசன்ர தலை, நெத்தியில ஒரு வெள்ளைக் கட்டு. இவருக்குச் சொன்னன், என்ர மனுசனுக்கு, கப்பலில சமைக்கிறவர், வீட்டில நிக்கிற நாளில ஒரு கோப்பை தேத்தண்ணியும் தான் போடாத மனுசன். ரிமோட்டைக் கீழ வைச்சார். "விடியப் போய்க் கூட்டிக்கொண்டு வா. ஒரு தீவில பட்டது காணாதே?" எண்டார். காணும். எனக்கும் காணும். அதுதானே ரயிலில இருக்கிறன்.

நான் எப்பவும் மலைப் பக்கம்தான் இருக்கிறது. மற்றப் பக்கம் இருந்தால் கொஞ்ச நேரத்தில களப்பு வரும், கடலுக்கும் தரைக்கும் நடுவில பெரிய உப்புத் தண்ணி, நாணல், நாரை, ஓரத்தில ரெண்டு மூண்டு தோணி. வடிவான இடம் எண்டு எல்லாரும் படம் எடுப்பினம். முல்லைத்தீவுப் பக்கத்தில பிறந்த ஒருத்திக்குக் களப்பு காட்டத் தேவையில்லை. நான் மலையைப் பாப்பன். மலை எனக்குப் புதுசு, மலையில எனக்கு ஒருத்தரும் சாகேல்லை. ஆரணியைப் பற்றி இன்ரநெற்றில அந்தக் கருத்து எழுதினவன் ஆராயிருக்கும்? ஆரணிதான் அதையும் ரெலிபோனில வாசிச்சுக் காட்டினவள், சிரிச்சுச் சிரிச்சு. ஊர்வலக்காரர் அவளின்ர படத்தைப் போட்டு, நாளைக்கு முன்னுக்குப் போறவள் இவள் எண்டு எழுதியிருக்கினம். அதுக்குக் கீழ ஒருத்தன்: "கொடியில இருக்கிற தலைக்கு இப்ப கால் முளைச்சிட்டுதோ?" இன்னொருத்தன்: "எங்கட பிள்ளையள் ஒருத்தரும் கிடைக்கேல்லையோ?" நான் கேட்டன், "உனக்குக் கோவம் வரேல்லையே?" அவள் சொன்னாள், "அம்மா, முதலாவது நல்ல பகிடி. ரெண்டாவதுதான் மடைத்தனம்." எனக்கு இரவு முழுக்க நித்திரை இல்லை எண்டு சொல்ல மாட்டன், நான் நித்திரை கொள்ளுற ஆள், ஆனால் விடியக் கண் முழிச்ச உடன முதல் வந்து நிண்டது அந்தக் கால்தான். தலைக்கு முளைச்ச கால். என்ர பிள்ளையின்ர கால். சின்னனில அந்தக் காலுக்கு எண்ணெய் பூசிவிட்டவள் நான். இப்ப பாருங்கோ, நான் அவளை மறிச்சுக் கூட்டிக்கொண்டு வந்தால் அந்த ரெண்டாவது ஆள் என்ன நினைப்பான்? தான் எழுதினதாலதான் நிண்டிட்டாள் எண்டு நினைப்பான். நினைக்கட்டும். அவன் நினைக்கிறதுக்காக நான் பிள்ளையைப் பொலிசுக்கு முன்னால நிப்பாட்டேலாது. போன முறை கோர்த்தேயில நடந்த ஊர்வலத்தில கண்ணீர்ப்புகை அடிச்சு, ஒரு பெட்டைக்கு நெத்தி வெடிச்சது. வசனத்தில மாற்றம் இல்லை. தடியைக் குடுத்திட்டு என்னோட வா.

பகிடி என்னெண்டால், அந்தத் தலையில நான் சீவிக்கிறன். கடை முழுக்க அவர்தான். கோப்பையில அவர், துவாயில அவர், சிகரெட் லைட்டரில அவர், நாயின்ர கழுத்துப் பட்டியில அவர், குழந்தைப்பிள்ளையின்ர வாய்த்துணியிலயும் அவர்தான். வந்த புதிசில எனக்கு விளங்கவே இல்லை. தனிநாடு கேட்டுக் குண்டு வைச்ச சனத்தின்ர கொடியாம், அதைப் பிரான்சுக்காரனே வெள்ளைக் கால்சட்டையோட வந்து வேண்டிக்கொண்டு போறான், வேண்டிக் கார்க் கண்ணாடியில ஒட்டுறான். பொலிஸ்காரன் ஒருத்தன் தன்ர தாய்க்கு எண்டு ஏப்ரன் வேண்டினவன், அதிலயும் தலை. எங்கட ஊரில எங்கட கொடியை ஒரு லைட்டரில ஒட்டி வைச்சிருந்தாலே ஆளைத் தேடி ஆக்கள் வருவினம். நான் சாந்தாவிட்டக் கேட்டன். சாந்தா எண்டது உண்மையான பெயர்தான், இந்தச் சனத்துக்கும் அந்தப் பெயர் இருக்கு, வேலைக்கு எடுத்த அண்டைக்கே "நீ என்ர பெயரை என்ர தாயை விட வடிவாச் சொல்லுறாய்" எண்டு சொன்னவ. "இவர் ஆர், மதாம்?" எண்டு கேட்டன். "ஆருக்குத் தெரியும்?" எண்டா. முந்தி எங்கயோ ஒரு ராசா சண்டையில வெண்டு, தோத்தவன்ர தலையைத் தன்ர சின்னத்தில போட்டவனாம். அப்ப அந்தக் கட்டு கண்ணை மூடிக் கிடந்ததாம். பிறகு இந்தத் தீவுக்காரர் அந்தத் தலையைத் தங்கட எண்டு எடுத்து, கட்டை நெத்திக்கு ஏத்திவிட்டவையாம், அவர் பாக்கட்டும் எண்டு. அப்பிடித்தான் சொல்லுகினம், உண்மை பொய் தெரியாது எண்டா. நான் அதை வைச்சு எவ்வளவு சாமான் வித்திருப்பன்! வாறவை எல்லாரும் அதைக் காயத்துக் கட்டு எண்டுதான் நினைப்பினம். இல்லை மதாம், அது காயத்துக்கு இல்லை, கண்ணுக்குக் கட்டினது, மேல ஏத்தினது எண்டு நான் என்ர நெத்தியில கை வைச்சுக் காட்டினால் அந்தக் கதைக்காகவே ஒரு கோப்பை எடுப்பினம். ஆனால் நான் விக்கேக்கை நினைக்கிறது அதை இல்லை. வெட்டினவன் காட்சிக்கு வைச்ச தலையை, வெட்டுப்பட்ட பக்கத்தில நிண்டு இது நாங்கள்தான் எண்டு சொல்ல ஒரு சனத்துக்கு எவ்வளவு துணிவு வேணும். நாங்கள் பாயிற புலியை எடுத்தனாங்கள். வாயைத் திறந்தபடி. எங்களுக்கு அதுவும் தேவையாத்தான் இருந்தது, அடிவாங்கி அடிவாங்கி இருந்த சனம், ஆருக்கும் தோத்தவன்ர தலையை எடுத்துக்கொள் எண்டு அண்டைக்குச் சொல்லியிருந்தால் செருப்பால அடிச்சிருப்பினம். சாந்தா ஒருநாள் கேட்டா, "உங்கட கொடியில என்ன இருந்தது?" நான் சொன்னன். "எங்கட தலை ஆரையும் கடிக்காது, உங்கட புலி கடிச்சதோ?" "கடிச்சது, மதாம். வெளியாலயும் கடிச்சது, உள்ளுக்கும் கடிச்சது." "அப்ப ஏன் கண் கலங்குறாய்?" "அதுக்குக் கீழ என்ர தம்பி கிடந்தவன்." அவ எழும்பிப் போய்க் கோப்பி போட்டுக்கொண்டு வந்தா.

இதைத்தான் நினைக்கக் கூடாதெண்டு வெளிக்கிடேக்கை முடிவெடுத்தனான். மலையைப் பார் தயாபரி. செஸ்நட் மரம், பண்டி, கல் வீடு. தெருப்பலகையில பிரெஞ்சில எழுதின ஊர்ப் பெயருக்கு மேல கறுத்த மை அடிச்சிருக்கினம், கோர்சிக்கப் பெயரை மட்டும் விட்டிருக்கினம், சிலதில துவக்குச் சூட்டு ஓட்டையும் கிடக்கு, ஆட்டுக்காரர் பொழுதுபோகாமல் சுட்டதெண்டு சாந்தா சொல்லுவா. ஓட்டை. ஓட்டையைப் பாத்தால் தம்பியின்ர பெட்டி நினைவு வரும். வரட்டும், வந்திட்டுப் போகட்டும், நான் என்ன கண்ணாடியே உடையிறதுக்கு. குகதாசன் எனக்குப் பிறகு பிறந்தவன், எனக்குத் தம்பி எண்டாலும் தோளுக்கு மேல வளந்தவன், அதாலதான் பள்ளிக்கூட மைதானத்தில கொடி ஏத்த அவனைக் கூப்பிட்டவை. ஏதோ நினைவு நாள், எல்லாரும் வெயிலுக்க நிண்டனாங்கள். கயிறு இறுகிப்போட்டுது. கொடி பாதிக் கம்பத்தில நிண்டு அசையுது, மேலயும் போகுதில்லை, கீழயும் வருகுதில்லை, அதிபர் வேர்த்து வடியுறார், அப்ப இவன் செருப்பைக் கழட்டிப்போட்டுத் தென்னை ஏறுற மாதிரிக் கம்பத்தில ஏறினான். கம்பம் ஆடுது. அம்மா "டேய், இறங்கடா!" எண்டு கத்துறா, அவன் மேல போய் முடிச்சைக் கையால விடுவிச்சு, அங்க இருந்தபடி எங்களைப் பாத்துச் சிரிச்சான். முழு மைதானமும் கைதட்டினது. எனக்கு நெஞ்சு விம்மினது, அதை நான் மறைக்கேல்லை, இப்ப நினைச்சாலும் விம்முது, அப்பிடி ஒரு வடிவு. அவ்வளவு உயரத்தில ஒருத்தன் நிண்டு சிரிச்சால் ஆருக்குத்தான் விம்மாது? ஆனால் கம்பத்தால இறங்கினவன் எங்கட வீட்டுக்கு இறங்கேல்லை. அடுத்த மாரிக்குள்ள இயக்கத்துக்குப் போயிட்டான். ஒருத்தரும் இழுத்துக்கொண்டு போகேல்லை, தானாப் போனவன், எனக்குத் தன்ர சைக்கிளை விட்டிட்டுப் போனவன். பிறகு ஒரு காலமை வாகனத்தில கொண்டுவந்தினம். கொடிக்கு முன்னால போனவன் கொடிக்குக் கீழ வந்தான். பெட்டி பூட்டிக் கிடந்தது, மேல அந்தத் துணி, புது மணம், கடையில விரிக்கிற புதுத் துணி மணம். அம்மா முகத்தைப் பாக்கோணும் எண்டா. இயக்கத்தால பொறுப்பா வந்த பிள்ளை, அவளுக்கும் குகனின்ர வயதுதான் இருக்கும், "அம்மா, திறக்கேலாது, திறந்து பாக்கிற மாதிரி இல்லை" எண்டாள். அம்மா அழேல்லை. கொடியின்ர ஓரத்தைத் தூக்கி, உள்ளுக்குக் கையைவிட்டு, பெட்டியைத் தடவித் தடவிப் பாத்தா, தலைமாட்டில இருந்து கால்மாடு வரைக்கும், காய்ச்சல்காரப் பிள்ளையைப் போர்வைக்குள்ளால தடவிப் பாக்கிற மாதிரி. எல்லாரும் பாத்துக்கொண்டு நிக்கினம். கையை எடுத்திட்டு என்னட்டச் சொன்னா: "பலகைதான் தயா." அதைச் சொன்ன குரல் இருக்கெல்லே. வேண்டாம். புதைக்க முதல் கொடியை எடுத்து மடிச்சு அம்மாவின்ர கையில குடுத்தினம். அவ அதை அலுமாரியில வைக்கேல்லை, படத்துக்குப் பக்கத்தில வைக்கேல்லை, எங்க வைச்சவ எண்டு எனக்கே தெரியாது. நான் அதுக்குப் பிறகு கலியாணம் முடிச்சு வெளிநாடு வந்திட்டன்.

ஆற்றைக் கடக்குது. கீழ ஒரு இடிஞ்ச கல்லுப் பாலம், ரெண்டு கரையிலயும் அரைகுறையா நிக்குது, நடுவில தண்ணி. முன்னுக்கு இருக்கிற மனுசி தன்ர பையுக்க எதையோ தேடிக்கொண்டு இருந்தவ, பாலம் வந்த உடன தலையைத் தூக்கிப் பாத்தா, பிறகு திருப்பித் தேடத் தொடங்கினா. எல்லாரும் இதைத்தான் செய்வினம். இந்த இடத்திலதான் இந்தத் தீவுக்காரர் பிரான்சோட சண்டைபிடிச்சுத் தோத்தவை, எத்தினையோ தலைமுறைக்கு முந்தி. தோத்த இடத்தில கல் நாட்டியிருக்கினம், பூ வைக்கினம், ரயில் போகேக்கை தலையைத் தூக்கிப் பாக்கினம். தோத்ததைப் பாக்க ஒரு இடம் கிடக்கு அவைக்கு. குகனைப் புதைச்ச இடத்தில சண்டை முடிஞ்ச கையோட ஆமிக்காரர் கல்லெல்லாம் இடிச்சுக் கிளறிப்போட்டினம், அம்மா சாகும் வரைக்கும் அந்த ரோட்டால போகேக்கை அந்தப் பக்கம் பாக்காமல்தான் பஸ்சில இருந்தவ. நானும் களப்புப் பக்கம் பாக்கிறேல்லை. ஓம், தெரியுது, அம்மாவின்ர பிள்ளைதானே நான். ஆனால் அம்மா பாக்காமல் இருந்தது பயத்தில இல்லை. அதை நான் ரெலிபோனிலதான் அறிஞ்சனான், எல்லாம் முடிஞ்சு, முகாமால அவவை வெளியில விட்ட பிறகு. நான் வாய் தவறிக் கேட்டிட்டன், "அம்மா, தம்பியின்ர அந்தத் துணி?" அவ சொன்னா, சமையல் கதை சொல்லுற மாதிரி. கடைசி நேரம் கடற்கரை மணலில பங்கர் வெட்டி இருந்தவை. மண் மூட்டை அடுக்கச் சாக்கு இல்லை. சனம் கூறைச் சீலையைக்கூட வெட்டிப் பை தைச்சு மணல் நிரப்பினவை. அம்மாவிட்ட இருந்த சீலை எல்லாம் முடிஞ்சுது. பங்கர் வாசலில ஒரு மூட்டைக்கு இடம் காணாமல் கிடந்தது, உள்ளுக்குப் பக்கத்து வீட்டுப் பிள்ளைத்தாச்சியும் இருந்தவள். அம்மா கொடியை எடுத்து, ரெண்டா மடிச்சு, ஓரம் தைச்சு, மணல் நிரப்பி, அந்த இடத்தில வைச்சா. "ஐயோ அம்மா, தம்பியின்ர கொடியெல்லே!" எண்டன் நான், பாஸ்தியாவில சூடான வீட்டுக்குள்ள நிண்டுகொண்டு. "கொடி தானடி. நல்ல தடிச்ச துணி." ஷெல் துண்டு வந்து அந்த மூட்டையிலதான் பட்டதாம். மணல் முழுக்க ஓடிப்போட்டுது, உள்ளுக்கு இருந்தவைக்கு ஒண்டும் இல்லை. "அப்ப தம்பிதான் காப்பாத்தினவன்" எண்டு நான் அழுதன். அம்மாவுக்குக் கோவம் வந்திட்டுது. "அவனைச் சும்மா விடு. அவன் செத்துப்போனான். மணல்தான் காப்பாத்தினது, தைச்சது நான்." அந்தப் பிள்ளைத்தாச்சிக்கு முகாமில பெட்டைக்குட்டி பிறந்தது. இப்ப அவளும் ஆரணி மாதிரித்தான் வளந்திருப்பாள், ஆரும் அவளைக் கொடி பிடிக்கக் கூப்பிடுவினமோ தெரியாது.

தைச்சது நான். இவ்வளவு காலத்தில இந்த ரெண்டு சொல்லையும் நான் ஒழுங்காக் கேக்கேல்லைப் போல. மணலையும் தம்பியையும்தான் நினைச்சு அழுதனான். அம்மா அந்தத் துணிக்கு முன்னால கும்பிடவும் இல்லை, அதைக் கிழிச்சு எறியவும் இல்லை, அவவின்ர பிள்ளையை மூடின துணி, அதை வைச்சு என்ன செய்யலாம் எண்டு பாத்திருக்கிறா. துணியை விட அவ பெரிய ஆளா இருந்தவ. குகன் அப்பிடி இல்லை, பாவம் அவன், அவனுக்குக் கம்பம் பெரிசா இருந்தது. ஆரணி? இதை நான் இவ்வளவு நேரமும் கேக்கேல்லை. மறிக்கிறது, கூட்டிக்கொண்டு வாறது, பொலிஸ், புகை எல்லாம் யோசிச்சன், என்ர பிள்ளை எவ்வளவு பெரிய ஆள் எண்டு யோசிக்கேல்லை. அவள் சின்னனில இருந்தே ஒண்டுக்கும் உடன ஓம் சொல்லுற பிள்ளை இல்லை. சாந்தாவின்ர கடையில கோடை விடுமுறைக்கு நிண்டவள், தலை போட்ட சாரத்தை ஒருத்தன் வேண்டி இடுப்பில கட்டிக்கொண்டு கண்ணாடி பாக்கேக்கை "மிசியே, முகத்தில குந்தியிருக்கப் போறீங்கள்" எண்டு சொன்னவள், அவன் உடன கழட்டிப்போட்டு நீலத்தில ஒண்டு எடுத்தவன். நேற்றுக் கடைசியில நான் கோவத்தில கேட்டன், "நாளைக்கு இவங்கள் துவக்குத் தூக்கச் சொன்னாலும் தூக்குவியோ?" அவள் சொன்னாள், "அம்மா, போன கிழமை கூட்டத்தில முகமூடி போட்டுத் துவக்குப் பிடிச்ச ஆளின்ர படத்தைப் பதாகையில போடோணும் எண்டு சிலபேர் நிண்டவை. நான்தான் எழும்பிச் சொன்னனான், அது வந்தால் நான் வரமாட்டன், கொடி மட்டும் எண்டால் வருவன். கையுயர்த்தினவை, நாங்கள் வெண்டிட்டம். அதாலதான் கொடியை என்னட்டத் தந்தவை." நான் அதைக் கேட்டுக்கொண்டுதான் நிண்டன். ஆனால் என்ர காதுக்க அப்ப பெட்டியும் பலகையுமெல்லே. நான் "உனக்கு விளங்காது" எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டன். அவளுக்கு விளங்கினது எனக்குத்தான் விளங்கேல்லை. கூட்டத்தில எழும்பி வேண்டாம் எண்டு சொல்லிக் கொடியை வேண்டின பிள்ளை. எங்கட மைதானத்தில ஆரும் அப்பிடி எழும்பேல்லை. எழும்ப இடமும் இருக்கேல்லை. ரயில் சுரங்கத்துக்க பூந்திட்டுது, கண்ணாடியில என்ர முகம்தான் தெரியுது, கறுத்தக் கண்ணாடியில கறுத்த முகம். மறிக்க மாட்டன். இதிலயும் எனக்கு ஒரு சந்தேகமும் இல்லை. இவர் கேட்டால் சொல்லுவன்: போனன், பாத்தன், மறிக்கேல்லை. ஆனால் தனிய விடவும் மாட்டன், அது வேற கதை.

கோர்த்தேயில குளிர் காத்து. ஸ்ரேசனுக்கு வெளியிலயே ஊர்வலம் கூடி நிக்குது, அதுக்கு அங்கால ரோட்டை மறிச்சு நீல உடுப்பில பொலிஸ். எனக்குக் கால் ஒருக்கால் நிண்டது, உண்மைதான், பிறகு நடந்தன். சனத்தை விலத்தி விலத்திப் போறன், "மன்னிக்கோணும், மன்னிக்கோணும்", கடையில பழகின குரல், எல்லாரும் வழி விடுகினம். முன் வரிசையில ஆரணி நிக்கிறாள். தடி அவளை விட உயரம். தலைமயிரை இறுக்கிப் பின்னியிருக்கிறாள், மூக்கு நுனி சிவந்து கிடக்கு. என்னைக் கண்ட உடன முகம் மாறினது. "அம்மா, மறிக்க வந்தனீங்களோ?" தமிழிலதான் கேட்டாள், பக்கத்தில நிண்ட பிள்ளையள் திரும்பிப் பாக்குதுகள். "வெளிக்கிடேக்கை அப்பிடித்தான் வெளிக்கிட்டனான்" எண்டன். "இப்ப?" "இப்ப இல்லை. கழுத்துக்கு ஒண்டும் போடாமல் நிக்கிறாய், விசரி." என்ர சால்வையைக் கழட்டி அவளின்ர கழுத்தில சுத்தினன். அவள் தடியை விடாமல் கழுத்தை மட்டும் நீட்டித் தந்தாள். அப்பதான் அந்தக் கிழவர் வந்தார். தடிச்ச கோட்டு, ஊன்றுகோல், நெஞ்சில சின்னக் கொடி குத்தியிருக்கு, ஊருக்குள்ள மதிப்பான ஆள் போல, எல்லாரும் ஒதுங்கி விட்டினம். அவளுக்கு முன்னால வந்து நிண்டு கொடியைப் பாத்தார், அவளின்ர முகத்தைப் பாத்தார், திருப்பிக் கொடியைப் பாத்தார். எனக்கு விளங்கிட்டுது. நேற்று எழுதினவனோ இவர், இல்லாட்டி எழுதத் தெரியாமல் நினைச்சுக்கொண்டு இருந்தவரோ, எதுவெண்டாலும் நான் இங்க நிக்கிறன், கதைக்க வேண்டிய எல்லாப் பாஷையும் எனக்கு வரும். அவர் கோர்சிக்க பாஷையில கேட்டார், இந்த ஊர்களில கிழவர்மார் புது முகத்தைக் கண்டால் கேக்கிற கேள்வி, எங்கட பக்கத்திலயும் சந்தையில, கோயிலில, பஸ்சில வாற அதே கேள்வி: "நீ ஆற்ற பிள்ளை?"

ஆரணி சிரிக்கேல்லை. கூச்சப்படவும் இல்லை. ஒரு கையைத் தடியில இருந்து எடுத்து என்னைக் காட்டினாள். "இவவின்ர" எண்டாள், அதே பாஷையில. "தயாபரியின்ர." என்ர பெயரை அவள் எங்கட ஊரில சொல்லுற மாதிரி, ஒரு எழுத்தும் மழுப்பாமல் சொன்னாள். கிழவர் அதைச் சொல்லிப் பாத்தார். தாயா. பாறி. பிழையாத்தான் வந்தது. "தயாபரி" எண்டு நான் திருத்தினன். அவர் திருப்பிச் சொன்னார், இந்த முறை கொஞ்சம் கிட்ட வந்திட்டார். பிறகு ஊன்றுகோலைத் தூக்கி, ஆரணிக்குப் பக்கத்தில நிண்ட நெடுவல் பெடியனைத் தள்ளி நிக்கச் சொல்லிக் காட்டினார், இடம் விடு எண்டு. பெடியன் விலத்தினான். அந்த இடம் எனக்குத்தான் எண்டு விளங்க ஒரு நிமிசம் எடுத்தது. போய் நிண்டன். எங்களுக்கு முன்னால ரோட்டு, ரோட்டுக்கு அங்கால பொலிஸ், எல்லாருக்கும் மேல மலை. ஆரோ பின்னால பாடத் தொடங்கிச்சினம், எனக்குச் சொல் தெரியாது, ஆரணிக்குத் தெரியும். வரிசை நகரத் தொடங்கினது. செங்குத்தான ஏத்தம். அவளுக்கு மூச்சு வாங்கேல்லை, எனக்கும் பெரிசா வாங்கேல்லை.